குளமா, கடலா என்று கேட்காத பதினொரு நாட்கள்

திகதி: 2016.02.23. நேரம்: மு.ப. 10.20. இடம்: பல்லேகல பொலிஸ் நிலையம். பதிவு செய்பவர்: பெண் பொலிஸ் கான்ஸ்டபிள் றம்லத். மொழி: வாக்குமூலம் அளிப்பவரின் கோரிக்கைப்படி தமிழ்.

பெயர்: அழகையா ஞானேஸ்வரி. வயது: 39. தொழில்: விமானத் தகவல் அலுவலர், தற்போது பணி இடைநிறுத்தம். முகவரி: இல. 27/4, ரஜவெல்ல, திகன.

நான் மேலே சொன்ன முகவரியில் என் தாயார் பேச்சியம்மாவுடன் வசிக்கிறேன். திருமணமாகவில்லை. எனக்குச் சிங்களமும் ஆங்கிலமும் எழுத வாசிக்கத் தெரியும். ஆனாலும் இந்த வாக்குமூலத்தைத் தமிழில் எழுதும்படி கேட்டேன், ஏனென்றால் விசாரணைக்குரிய சொற்களை நான் தமிழில்தான் சொன்னேன். நான் வேலை செய்யும் வெண்கொக்கு நீர்விமானச் சேவை நிறுவனம் என் பெயரில் தட்டச்சுச் செய்து இந்த நிலையத்துக்கு அனுப்பிய கடிதம் எனக்குக் காட்டப்பட்டது. அதில் என் பெயர் சரி, அடையாள அட்டை இலக்கம் சரி. வேறு ஒன்றும் சரியில்லை. அதில் நான் கையெழுத்துப் போடவில்லை, போடவும் மாட்டேன்.

அதற்கு முன்னர் என் வேலை என்ன என்று சொல்ல வேண்டும். திகனைக்கு அப்பால் நீர்த்தேக்கக் கரையில் எங்கள் தகவல் நிலையம் இருக்கிறது. நிலையம் என்றால் ஒரு அறை, ஒரு ரேடியோ, ஒரு தொலைபேசி, ஒரு கதிரை, இரண்டு யன்னல். ராடர் கிடையாது. ஆறு வருடமாக அங்கே இருக்கிறேன். அதற்கு முன்னர் கண்டி மாநகர சபையில் தொலைபேசி இயக்குநராக ஒன்பது வருடம் இருந்தேன், அதன் பிறகு இரத்மலானையில் பயிற்சி எடுத்துப் பரீட்சை எழுதித்தான் இந்த வேலைக்கு வந்தேன், யாருடைய சிபாரிசிலும் வரவில்லை. கொழும்பில் இருக்கும் கட்டுப்பாட்டாளர்கள் விமானிகளுக்கு உத்தரவு கொடுக்கலாம். நான் தகவல் மட்டும் கொடுக்கலாம். காற்று எந்தப் பக்கம், அமுக்கம் எவ்வளவு, எதிரே வேறு விமானம் வருகிறதா, வந்தால் எந்த உயரத்தில் வருகிறது, அவ்வளவுதான். ஏறு, இறங்கு என்று சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. இது எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

எங்கள் பக்கத்தில் மேற்கே போகும் சிறிய விமானங்கள் நாலாயிரத்து ஐந்நூறு அடியில் போகும். கிழக்கே போகிறவை ஐயாயிரத்து ஐந்நூறு அடியில் போகும். நடுவில் ஆயிரம் அடி. அந்த ஆயிரம் அடியை நம்பித்தான் இரண்டு பக்கத்திலும் ஆட்கள் ஏறுகிறார்கள்.

இதிலே எங்கள் இடத்துக்கு மட்டும் ஒரு சிக்கல் உண்டு. நீர்த்தேக்கத்தின் தண்ணீர் கடல் மட்டத்துக்கு மேலே ஆயிரத்து முந்நூறு அடியில் நிற்கிறது. கண்டி நகரத்தைச் சுற்றிக் காட்டும் பத்து நிமிடப் பயணங்களுக்கு விமானிகள் உயரமானியின் முள்ளைத் தண்ணீரில் இருக்கும்போதே பூச்சியத்துக்கு வைத்துக்கொள்வார்கள், அப்போதுதான் திரும்பி இறங்கும்போது தண்ணீர் எவ்வளவு கீழே இருக்கிறது என்று தெரியும். நீண்ட பயணம் போகும்போது நான் சொல்லும் அமுக்க எண்ணுக்கு உயரமானியின் குமிழைத் திருப்பிக் கடல் மட்டக் கணக்குக்கு மாற்ற வேண்டும், அப்போது தண்ணீரில் மிதக்கும்போதே முள் ஆயிரத்து முந்நூறு காட்டும். மாற்ற மறந்துவிட்டால் விமானி நாலாயிரத்து ஐந்நூறில் போகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஐயாயிரத்து எண்ணூறில் போவார். அவர் பொய் சொல்ல மாட்டார், முள்ளும் பொய் சொல்லாது, ஆனால் எதிரே வருகிறவருக்கு அதனால் ஒரு புண்ணியமும் இல்லை.

2011இல் விமானி சுந்தரலிங்கம் ஒரு தடவை அப்படி மறந்துவிட்டார். அவர் பருத்தித்துறை ஆள், எங்களிடம் இருக்கிற விமானிகளில் மூத்தவர், நான் அண்ணா என்று கூப்பிடுவேன். அன்றைக்கு எதிரே ஒருவரும் வரவில்லை. அவர் அதை ஒருவரிடமும் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் அன்று பின்னேரம் என் அறைக்கு வந்து கதவருகில் நின்றபடியே சொன்னார்: "தங்கச்சி, இண்டைக்கு நான் மறந்து போனன். இன்னொரு நாளைக்கும் மறப்பன். நீ கேள்."

அதன் பிறகு நீண்ட பயணத்துக்கு ஒவ்வொரு விமானம் கிளம்பும்போதும் நான் கேட்டேன். குளமா, கடலா? அவர் முள்ளைப் பார்த்துவிட்டுப் பதில் சொல்வார். மற்ற விமானிகளும் அந்த வழக்கத்துக்கு வந்தார்கள். சிங்கள விமானிகள் இருவரும் "கடல், அக்கா" என்பார்கள், ஒரு வருடம் இருந்துவிட்டுப் போன அவுஸ்திரேலியாக்காரர் கூடக் கடல் என்று சொல்லப் பழகிக்கொண்டார். இது எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஐந்து வருடத்தில் பதினாறு தடவை "குளம், பொறுங்கோ" என்ற மாதிரிப் பதில் வந்தது. பதினாறையும் திகதியோடு நான் எழுதி வைத்திருக்கிறேன், அந்தக் கொப்பியை இத்துடன் ஒப்படைக்கிறேன்.

கடந்த டிசம்பரில் நடவடிக்கை முகாமையாளராகத் திரு. இராமநாதன் வந்தார். கண்டி டவுனைச் சேர்ந்தவர், படித்தவர், எங்கள் ஆள்தான். மார்ச் மாதத்தில் வெளிநாட்டிலிருந்து பரிசோதகர்கள் வரப்போகிறார்கள், ரேடியோவில் அங்கீகரிக்கப்பட்ட சொற்களைத் தவிர வேறு எதுவும் கேட்கக்கூடாது என்று பெப்ரவரி 8ஆம் திகதி மாலை எனக்குக் கடிதம் தந்தார். நான் மறுத்துப் பேசினேன். நான் சொல்லும் அமுக்க எண்ணை விமானி திருப்பிச் சொல்கிறாரே, அது போதாதா என்று கேட்டார். எண்ணைத் திருப்பிச் சொல்வது வாய், குமிழைத் திருப்புவது கை என்று சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பரிசோதகர் முன்னால் குளம், கடல் என்று பேசினால் எங்களைப் பட்டிக்காடு என்று நினைப்பார்கள் என்றார். சிங்களவர் ஒருவர் இதைச் சொல்லியிருந்தால் எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது. 9ஆம் திகதியும் 12ஆம் திகதியும் நான் எழுத்தில் ஆட்சேபித்தேன், பிரதிகள் இருக்கின்றன. இரண்டாவதற்குப் பதிலாக ஒழுக்காற்று நடவடிக்கை என்ற எச்சரிக்கை வந்தது. ஆட்சேபித்தேனே தவிர, 9ஆம் திகதியிலிருந்தே ரேடியோவில் நான் கேட்கவில்லை. வேலை போய்விடும் என்று பயந்தேன். அம்மாவுக்கு என்னை விட்டால் ஆள் இல்லை. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிக்கொள்ளுங்கள்.

19ஆம் திகதி வெள்ளிக்கிழமை காலையில் சுந்தரலிங்கம் அண்ணா நகரம் சுற்றிக் காட்டும் பயணம் இரண்டு போய்வந்தார். இரண்டும் குளக் கணக்கு. அதன் பிறகு தண்ணீரிலேயே ஐந்து பயணிகளை ஏற்றிக்கொண்டு நீர்கொழும்புப் பக்கம் கிளம்பினார். அவர்களில் பிலிமத்தலாவையில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் பழனியாண்டி என்பவரும் அவருடைய மனைவி வடிவம்மாவும் இருந்தார்கள். இருவருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம்.

மு.ப. 9.44க்குக் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. இரத்மலானையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் வாடகை விமானம் ஒன்று ஐயாயிரத்து ஐந்நூறு அடியில் வருகிறது, 9.50க்குக் கண்டிக்கு மேலே வரும் என்றார்கள். அதை நான் அண்ணாவுக்குச் சொன்னேன். தான் நாலாயிரத்து ஐந்நூறில் போவதாக அவர் சொன்னார். காற்றும் அமுக்கமும் சொன்னேன். அமுக்க எண்ணை ஒரு பிழையும் இல்லாமல் திருப்பிச் சொன்னார். கேள்வி என் வாய் வரைக்கும் வந்தது. பின்னால் கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் திரு. இராமநாதன் நின்றுகொண்டிருந்தார். நான் கேட்கவில்லை. 9.46க்கு விமானம் தண்ணீரை விட்டு எழும்பியது.

எங்கள் விமானங்கள் முதலில் நீர்த்தேக்கத்துக்கு மேலேயே சுற்றிச் சுற்றி உயரம் எடுக்கும், அதன் பிறகுதான் மேற்கே திரும்பும். வாடகை விமானம் அதே நீர்த்தேக்கத்துக்கு மேலே வந்து மகியங்கனைப் பக்கத்து மலை இடைவெளியால் போக இருந்தது. 9.51க்கு அந்த விமானி எங்கள் அலைவரிசையில் வந்து, இடைவெளிப் பக்கம் மேகம் எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று சுந்தரலிங்கம் அண்ணாவிடம் கேட்டார். விமானிகள் ஒருவருக்கொருவர் இப்படி உதவுவது வழக்கம். அண்ணா தான் மூவாயிரத்து ஐந்நூறைக் கடந்து ஏறிக்கொண்டிருப்பதாகவும், கிழக்கு மலையில் மேகத்தின் மேல் விளிம்பு தன் உயரத்துக்கு நேராக இருப்பதாகவும் ஆங்கிலத்தில் சொன்னார். அவர் அந்தப் பதிலைச் சொல்லாமல் விட்டிருந்தால் இன்றைக்கு நான் இந்த நிலையத்தில் உட்கார்ந்து தோள்பட்டை எலும்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க மாட்டேன், பிரேதங்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பேன்.

நான் யன்னலால் கிழக்கு மலையைப் பார்த்தேன். மேகம் மலையின் இடுப்பில் பட்டியாகக் கிடந்தது. அதன் மேல் விளிம்பில் ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் தகரக் கூரை மட்டும் வெளியே தெரிந்தது. அந்தத் தோட்டத்தில்தான் நான் பிறந்தேன். என் தகப்பனார் அழகையா அந்தத் தொழிற்சாலையில் ரோலர் மெசினில் வேலை செய்தார். தேயிலைக்கு உயரத்தைப் பார்த்துத்தான் விலை, அதனால் எங்கள் தோட்டத்தில் பேசத் தெரிந்த பிள்ளைக்கும் அந்த உயரம் தெரியும். தொழிற்சாலைச் சுவரில் ஆள் உயர எழுத்தில் தாரால் எழுதியிருக்கிறது, 4,800 அடி என்று.

மேகத்துக்கு நேராக நிற்கிறவர் நாலாயிரத்து எண்ணூறில் நிற்கிறார். அவர் மூவாயிரத்து ஐந்நூறு என்கிறார். இடையில் ஆயிரத்து முந்நூறு. குளம்.

அவர் இன்னும் ஏறிக்கொண்டிருந்தார். ஒரு நிமிடத்தில் அவர் ஐயாயிரத்து ஐந்நூறைத் தாண்ட வேண்டும், அதே ஒரு நிமிடத்தில் மற்ற விமானம் காலை வெயில் கண்ணில் அடிக்க அதே உயரத்தில் அதே இடத்துக்கு வர வேண்டும். கொழும்புக்குத் தொலைபேசி எடுத்து விளக்கம் சொல்லி உத்தரவு வாங்க நேரம் இல்லை. அங்கீகரிக்கப்பட்ட சொற்களின் பட்டியல் எனக்கு முன்னால் மேசைக் கண்ணாடிக்குக் கீழே இருந்தது, அதில் இதற்கு ஒரு சொல்லும் இல்லை. நான் ரேடியோவை அழுத்திச் சொன்ன சொற்கள் பின்வருமாறு, இதைச் சொல்லுக்குச் சொல் எழுத வேண்டும்: "அண்ணா, குளத்துல இருக்கீங்க. ஏறாதீங்க. இறங்குங்க, இப்பவே."

அவர் ஏன் என்று கேட்கவில்லை. என்ன அதிகாரத்தில் சொல்கிறாய் என்று கேட்கவில்லை. "ஓம்" என்ற ஒரு சொல் மட்டும் கேட்டது. அதன் பிறகு நான் வாடகை விமானத்துக்கு ஆங்கிலத்தில், உயரத்தை மாற்ற வேண்டாம், வலப்பக்கம் திரும்புங்கள் என்று சொன்னேன். அதற்கும் எனக்கு அதிகாரம் இல்லை. அவரும் கேள்வி கேட்காமல் செய்தார். எங்கள் விமானம் தன் மூக்குக்குக் கீழே இருநூறு அடி கூட இல்லாத தூரத்தில் குறுக்கே போனதைக் கண்டதாக அந்த விமானி தனியாக வாக்குமூலம் கொடுத்திருக்கிறார் என்று அறிகிறேன்.

(இவ்விடத்தில் வாக்குமூலம் அளிப்பவர் தண்ணீர் கேட்டார். கொடுக்கப்பட்டது. மு.ப. 11.02.)

விமானம் சடுதியாக மூக்கைக் கீழே குத்தி இறங்கியதால் இருக்கைப் பட்டியைத் தளர்த்தியிருந்தவர்கள் கூரையில் மோதினார்கள். வடிவம்மா அவர்கள் கீழே தெரிந்த கிரிக்கெட் மைதானத்தைப் பார்ப்பதற்காகப் பட்டியைத் தளர்த்தியிருந்தார். அவருடைய வலது தோள்பட்டை எலும்பு முறிந்தது. வேறு இருவருக்குச் சிறு காயம். சுந்தரலிங்கம் அண்ணா விமானத்தைத் திருப்பி 10.04க்குத் தண்ணீரில் இறக்கினார். பழனியாண்டி அவர்களின் முறைப்பாட்டின் பேரில் இந்த விசாரணை நடக்கிறது. அவர் முறையிட்டதில் ஒரு பிழையும் இல்லை.

எங்கள் அறையில் பேச்சுப் பதிவு செய்யும் கருவி ஜனவரியிலிருந்து பழுது. திருத்தித் தரும்படி கேட்ட கடிதமும் என்னிடம் இருக்கிறது. ஆகவே நான் சொன்னதற்கு ஒலிப்பதிவு இல்லை. வாடகை விமானத்தின் விமானிக்குத் தமிழ் தெரியாது, ஏதோ தமிழில் பேசினார்கள் என்று மட்டும் சொல்லக்கூடும். இதை வைத்துக்கொண்டுதான் நிறுவனம் கதை கட்டியிருக்கிறது. நானும் விமானியும் ரேடியோவில் தமிழில் சொந்தக் கதை பேசிக்கொண்டிருந்தோமாம், அதில் அவர் கவனம் சிதறித் தானாகவே விமானத்தைக் கீழே குத்தினாராம். என் பெயரில் எழுதிய கடிதத்தில் இருப்பது இதுதான். இதில் நான் கையெழுத்துப் போட்டால் எனக்கு வேலை திரும்பக் கிடைக்கும். அண்ணாவின் விமானி உரிமம் போகும், கவனயீனத்தால் காயம் விளைவித்ததாக அவர் மேல் வழக்கும் வரும்.

20ஆம் திகதி நான் அண்ணாவுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் தன்னுடைய கடிதத்தில் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று அப்போதுதான் தெரிய வந்தது. ஒருவரும் தன்னை இறங்கச் சொல்லவில்லை, தானே இறங்கியதாக எழுதியிருக்கிறார். ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். "எனக்கு இன்னும் மூண்டு வருசம்தான் பறப்பு. உனக்கு அம்மா இருக்கிறா. விடு தங்கச்சி" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஒரு சொல்லும் கேட்காமல் நான் சொன்னபடி இறங்கின மனிதர், அந்தச் சொல்லை நான் சொல்லவே இல்லை என்று எழுதிக் கொடுத்தால், அதன் பிறகு நான் எந்த வாயால் ரேடியோவில் பேசுவது? இதைத்தான் அவரிடம் சொன்னேன். நான் தொலைபேசியை வைத்துவிட்டேன்.

அதன் பிறகு 21ஆம் திகதி ஆஸ்பத்திரியில் வடிவம்மா அவர்களைப் பார்க்கப் போனேன். ஒருவரும் என்னை அனுப்பவில்லை. கையைக் கட்டித் தொங்கவிட்டபடி கட்டிலில் சாய்ந்திருந்தார். நான்தான் விமானத்தை இறங்கச் சொன்னேன், அதனால்தான் உங்கள் தோள் உடைந்தது, ஆனால் இறங்காமல் இருந்திருந்தால் ஒருவரும் மிஞ்சியிருக்க மாட்டீர்கள் என்று சொன்னேன். சண்டைக்குப் போனவள் மாதிரித்தான் சொன்னேன், அவர் நன்றி சொல்லுவார் என்றும் மனதுக்குள் நினைத்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நான் வழக்கமாக ஒரு கேள்வி கேட்கிறவள் என்பதை விமானி பயணிகளிடம் கதைத்திருக்கிறார் போலும். அவர் கேட்டது இவ்வளவுதான்: "உசிரு தப்பினது சரிம்மா. எல்லா நாளும் கேப்பீங்களாமே. அன்னிக்கு ஏன் கேக்கல?"

முகாமையாளர் வேண்டாம் என்றார் என்று சொல்ல வாயெடுத்தேன், அந்தக் கையைப் பார்த்த பிறகு சொல்ல முடியவில்லை. கொண்டுபோன தோடம்பழங்களை அலுமாரியின் மேல் வைத்துவிட்டு வந்தேன்.

22ஆம் திகதி திரு. இராமநாதன் எங்கள் வீட்டுக்கு வந்தார். அம்மா அவருக்குத் தேத்தண்ணீர் கொடுத்தார். கடிதத்தைக் காட்டி, கையெழுத்துப் போட்டால் எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும், தமிழ் ஆட்கள் நாங்கள் பெரிதுபடுத்தக்கூடாது என்றார். பெரிதுபடுத்துவதுதான் என்னுடைய வேலை, எதிரே ஒரு விமானம் வருகிறது என்று பெரிதுபடுத்திச் சொல்வதற்குத்தான் எனக்குச் சம்பளம் என்று சொன்னேன். தேத்தண்ணீரைப் பாதி குடித்துவிட்டுப் போய்விட்டார்.

இந்த வாக்குமூலம் எனக்கே எதிராகப் பயன்படக்கூடும் என்று பதிவு செய்பவர் என்னை எச்சரித்தார். விளங்கியது. ஆகவே தெளிவாகவே சொல்கிறேன். விமானி தானாக இறங்கவில்லை. இறங்கச் சொன்னது நான். அதிகாரம் இல்லாமல் சொன்னேன், தமிழில் சொன்னேன், தெரிந்தே சொன்னேன். நாளைக்கும் அதே மேகமும் அதே கூரையும் தெரிந்தால் நாளைக்கும் சொல்லுவேன். இதற்காக நான் ஒருவரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை. நான் செய்த குற்றம் வேறு. 9ஆம் திகதியிலிருந்து 19ஆம் திகதி வரைக்கும் பதினொரு நாள் சொன்னபடி கேட்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். யாருடைய தோளாவது என்னால் உடைந்தது என்றால் அது அந்தப் பதினொரு நாளால்தான் உடைந்தது. வழக்குப் போடுவதென்றால் அதற்குப் போடுங்கள், நான் வந்து நிற்கிறேன்.

(மு.ப. 11.38க்கு, வாக்குமூலம் வாசித்துக் காட்டப்படுகையில், நிலையத்துக்கு மேலே நீர்விமானம் ஒன்று ஏறும் சத்தம் கேட்டது. வாக்குமூலம் அளிப்பவர் எழுந்து யன்னலருகே சென்றார். அந்த விமானத்திடம் இன்று யாராவது கேட்டார்களா என்று தெரிய வேண்டும் எனவும், அது தெரியாமல் கையெழுத்திட முடியாது எனவும் கூறினார். பொறுப்பதிகாரியின் அனுமதியுடன் 11.40க்கு நிலையத் தொலைபேசியிலிருந்து நீர்த்தேக்கத் தகவல் நிலையத்தில் தனக்குப் பதிலாகக் கடமையிலிருந்த அலுவலருடன் பேசினார். ஒரு கேள்வி மட்டுமே கேட்டார். அந்த அலுவலர் அதை ரேடியோவில் விமானியிடம் கேட்கும் வரை தொலைபேசியை வைக்காமல் நின்றார். 11.43க்குப் பதில் கிடைத்தது. பதில்: கடல்.)

மேலே எழுதப்பட்டவை யாவும் நான் சொன்னவை. எனக்கு வாசித்துக் காட்டப்பட்டன, நானும் ஒருமுறை வாசித்தேன், ஒரு சொல்லும் கூடவில்லை, ஒரு சொல்லும் குறையவில்லை. இவை அனைத்தும் உண்மை என உறுதிப்படுத்தி பி.ப. 12.10க்கு ஒப்பமிடுகிறேன்.

(ஒப்பம்) அ. ஞானேஸ்வரி